கோலார் தங்கச் சுரங்கமும் நியூட்ரினோ ஆராய்ச்சியும்

கோலார் தங்க வயல் என்றதும் தங்கமே நினைவுக்கு வருவது இயல்பு. 1880 ஆம் ஆண்டை ஒட்டி ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கு நவீன முறையில் சுரங்கத் தொழிலைத் தொடங்கினர். வட ஆற்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து பல்லாயிரம் தொழிலாளர் குடும்பங்கள் அங்கே சென்று குடியேறின. சிவசமுத்திரத்தில் காவேரி நீர்வீழ்ச்சியால் உற்பத்தியான மின்சாரம் 1902 ஆம் ஆண்டில் அச்சுரங்கங்களை வந்தடைந்தது. தங்கப் படிவத்தைத் தொடர்ந்து தோண்டிச் சென்றதன் பயனாகச் சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. ஏறத்தாழ 120 ஆண்டுக் காலத்தில் சுமார் 800 டன் தங்கம் அங்கிருந்து எடுக்கப்பட்டதாகக் கணக்கிடப்பட்டுள்ளது.

அதே சுரங்கத்திலிருந்து வேறொரு செல்வமும் கிடைத்தது. அது தராசில் நிறுக்க இயலாதது, கண்ணுக்குப் புலப்படாதது. வானத்திலிருந்து வந்து, பூமியையே ஊடுருவிச் செல்லும் நியூட்ரினோ என்னும் துகள் விட்டுச் சென்ற சில தடங்களே அச்செல்வம். காற்று மண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோக்களின் தடங்கள் 1965 ஆம் ஆண்டில் உலகின் இரண்டு சுரங்கங்களில் முதன் முதலாகக் காணப்பட்டன. அவற்றுள் ஒன்று கோலார்.

இந்த ஆராய்ச்சி ஒரு துறையினரால் மட்டும் நடத்தப்பட்டதன்று. அணுத் துகள்களின் தற்சுழற்சியைப் பற்றிய பௌதிகம் இதன் மூலக் கேள்வியை அளித்தது. ஒளியியல் அக்கேள்விக்கு விடை காணும் கண்களை அளித்தது. பாறை, இரும்பு, பிளாஸ்டிக் ஆகியவற்றின் இயல்புகளை ஆராயும் பொருள் விஞ்ஞானம் அக்கண்களுக்கு உரிய இடத்தையும் உறுப்புகளையும் அளித்தது. பம்பாயிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையமும், ஜப்பானிலுள்ள ஒஸாகா நகரப் பல்கலைக் கழகமும், இங்கிலாந்திலுள்ள டர்ஹாம் பல்கலைக் கழகமும் இதில் ஒன்றுசேர்ந்து உழைத்தன.

தற்சுழற்சி எழுப்பிய புதிர்

எலெக்ட்ரான், புரோட்டான் போன்ற துகள்கள் ஒவ்வொன்றுக்கும் தற்சுழற்சி என்னும் ஓர் இயல்பு உண்டு. பம்பரம் சுழல்வது போன்றது என்று இதனை ஒருவாறு உவமித்துக் கூறலாம். ஆனால் பம்பரத்தின் வேகத்தை விரும்பியவாறு கூட்டவோ குறைக்கவோ முடியும். துகளின் தற்சுழற்சி என்றும் மாறாத அளவுடையது. எலெக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் அது 1/2 அலகு. இத்தகைய துகள்கள் இரட்டைப் படை எண்ணிக்கையில் சேர்ந்தால் மொத்தத் தற்சுழற்சி முழு எண்ணாகவும், ஒற்றைப் படை எண்ணிக்கையில் சேர்ந்தால் அரை எண்ணாகவும் அமையும். முழு எண் தற்சுழற்சியுடையவை சத்யேந்திரநாத் போஸ் 1924 ஆம் ஆண்டில் வகுத்த புள்ளியியலுக்கு உட்படுகின்றன. அரை எண் தற்சுழற்சியுடையவை பெர்மியின் புள்ளியியலுக்கு உட்படுகின்றன.

1930 ஆம் ஆண்டுக்கு முன்னர், அணுக்கருவில் புரோட்டான்களும் எலெக்ட்ரான்களும் மட்டுமே இருப்பதாகக் கருதப்பட்டது. அக்கருத்தின்படி நைட்ரஜன் அணுக்கருவில் 14 புரோட்டான்களும் 7 எலெக்ட்ரான்களும், ஆக 21 துகள்கள், இருத்தல் வேண்டும். 21 ஒற்றைப் படை எண் ஆதலால், அக்கருவின் தற்சுழற்சி அரை எண்ணாக இருந்தாக வேண்டும்.

இதைச் சோதித்துப் பார்க்கும் கருவியைப் பாரத நாட்டின் ஒளியியல் ஆராய்ச்சியே அளித்தது என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. 1928 ஆம் ஆண்டில் கல்கத்தாவில் சர் சி. வி. ராமன் கண்டுபிடித்த ஒளிச் சிதறல் விளைவைப் பயன்படுத்தி, இத்தாலிய விஞ்ஞானி பிராங்கோ ரஸெட்டி 1929 ஆம் ஆண்டில் நைட்ரஜன் வாயுவின் நிறமாலையைப் படம் எடுத்தார். அந்நிறமாலையில் கோடுகள் ஒன்று விட்டு ஒன்று வலுத்தும் மெலிந்தும் காணப்பட்டன. எந்த வரிசைக் கோடுகள் வலுத்துள்ளன என்பதைக் கொண்டு, அணுக்கரு எப்புள்ளியியலுக்கு உட்பட்டது என அறியலாம். நைட்ரஜன் அணுக்கரு போஸ் புள்ளியியலுக்கே உட்பட்டது என்பதை ஹைட்லரும் ஹெர்ஸ்பெர்க்கும் அதே ஆண்டில் எடுத்துக் காட்டினர். ஆகவே அதன் தற்சுழற்சி முழு எண். 21 துகள்கள் என்ற கணக்கு பொருந்தவில்லை.

இதனுடன் மற்றொரு புதிரும் இருந்தது. சில அணுக்கருக்கள் எலெக்ட்ரானை வெளியிட்டுச் சிதையும்போது, ஒவ்வொரு முறையும் ஒரே அளவு சக்தி வெளிப்பட வேண்டும். ஆனால் வெளிவந்த எலெக்ட்ரான்களின் சக்தி பலவாறாக இருந்தது. மீதிச் சக்தி எங்கே சென்றது என்பதை எவராலும் கூற இயலவில்லை. 1930 டிசம்பர் 4 ஆம் நாள் வுல்ப்காங் பௌலி எழுதிய கடிதம் ஒன்றில், மின்னூட்டமற்றதும் 1/2 அலகு தற்சுழற்சியுடையதுமான புதிய துகள் ஒன்று இருக்கக்கூடும் என்றும், அதனால் இவ்விரு புதிர்களும் தீரும் என்றும் யோசனை கூறினார்.

1932 ஆம் ஆண்டில் சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்த பின்னர் முதற் புதிர் வேறு வழியில் தீர்ந்தது. நைட்ரஜன் கருவில் 7 புரோட்டான்களும் 7 நியூட்ரான்களும், ஆக 14 துகள்கள் உள்ளன. 14 இரட்டைப் படை எண். இரண்டாவது புதிருக்குப் பௌலியின் துகளே விடையாக நின்றது. நியூட்ரான் சிதைந்து புரோட்டானும் எலெக்ட்ரானும் ஆகும்போது, தற்சுழற்சிக் கணக்கு சரியாவதற்கும் 1/2 அலகு தற்சுழற்சியுடைய மூன்றாவது துகள் ஒன்று தேவைப்படுகிறது. பெர்மி இத்துகளுக்கு நியூட்ரினோ என்ற பெயரை வழங்கி, இதன் கொள்கையை வகுத்தார். 1956 ஆம் ஆண்டில் ரைன்ஸ், கோவன் ஆகிய இருவரும் அமெரிக்காவில் ஓர் அணு உலையின் அருகே இத்துகள் இருப்பதைப் பரிசோதனை வாயிலாக நிரூபித்தனர். நியூட்ரினோவின் தற்சுழற்சி அது செல்லும் திசைக்கு எதிராகவே அமைந்துள்ளது என்பதை 1958 ஆம் ஆண்டில் கோல்டுஹேபர் குழுவினர் கண்டறிந்தனர்.

பாறையே கவசம்

அணு உலையில் மட்டுமன்றி, வானத்திலும் நியூட்ரினோக்கள் தோன்றுகின்றன. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தின் மேற்பகுதியில் மோதும்போது பயான் என்னும் துகள்கள் பிறக்கின்றன. பயான் சிதைந்து மியூவானாகவும் நியூட்ரினோவாகவும் மாறுகிறது. மியூவான்கள் தரையை வந்தடைகின்றன. மனிதனின் உள்ளங்கை அளவுள்ள பரப்பில் நிமிஷத்துக்கு ஏறத்தாழ நூறு மியூவான்கள் விழுகின்றன எனலாம். இந்த மழைக்கு இடையே நியூட்ரினோவின் விளைவைப் பிரித்தறிவது, திருவிழாக் கூட்டத்தின் ஆரவாரத்தில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்க முயல்வது போன்றதாகும்.

மியூவான் மின்னூட்டமுடையது. ஆதலால் பாறையைக் கடந்து செல்லுகையில் சிறிது சிறிதாகச் சக்தியை இழந்து, இறுதியில் நின்றுவிடும். நியூட்ரினோவோ பாறையைப் பொருட்படுத்துவதில்லை. பூமியின் ஒரு புறத்தில் நுழைந்து மறு புறத்தில் வெளியேறுகிறது. எனவே போதிய ஆழத்துக்குச் சென்றால் மியூவான் மழை ஓய்ந்து, நியூட்ரினோவின் விளைவு மட்டும் எஞ்சும். எவ்வளவு ஆழம் போதும் என்பதே அடுத்த கேள்வி.

இங்குப் பாறையின் இயல்பு முக்கியமாகிறது. கோலார் பாறை ஹார்ன்பிளெண்டு கலந்த அடுக்குப் பாறை வகையைச் சார்ந்தது. அது நீரைப்போல் ஏறத்தாழ 3 மடங்கு அடர்த்தியுடையது. பூமியின் மேற்பரப்பில் காணப்படும் சாதாரணப் பாறைகளைவிட அடர்த்தி மிக்கது. ஆகையால் 2 கிலோமீட்டர் ஆழமுள்ள கோலார் பாறை, சுமார் 6 கிலோமீட்டர் ஆழமுள்ள நீருக்கு ஒப்பான கவசமாக அமைகிறது. பல மட்டங்களில் வெட்டப்பட்ட சுரங்க வழிகள் இருந்தமையால், படிப்படியாக ஆழம் கூட்டி அளந்து பார்க்கும் வசதியும் கிடைத்தது.

ஆயினும் பாறை கவசமாக மட்டும் அமையவில்லை, அபாயமாகவும் அமைந்தது. பல கிலோமீட்டர் பாறையின் பாரம் மேலே அழுத்துவதால், வெட்டி வெறுமையாக்கப்பட்ட இடங்களைச் சுற்றியுள்ள பாறை திடீரென வெடித்துச் சிதறுவதுண்டு. பாறை வெடிப்பு எனப்படும் இவ்விபத்துகளில் சுரங்கத் தொழிலாளர் பலர் உயிரிழந்துள்ளனர். ஆழம் செல்லச் செல்ல வெப்பமும் மிகுந்தது. மேலிருந்து குளிரூட்டிய காற்றைச் செலுத்தித்தான் அங்கு வேலை செய்ய முடிந்தது. பாறை எப்பொழுது, எங்கே, ஏன் உடைகிறது என்பதைப் பற்றிய ஆராய்ச்சி கோலாரில் நெடுங்காலமாக நடைபெற்றது. 1988 ஆம் ஆண்டில் தேசிய பாறை விசையியல் நிலையம் அவ்வூரிலேயே நிறுவப்பட்டதற்கு இதுவே காரணம். விஞ்ஞானிகளின் கருவிகள் அனைத்தும் தொழிலாளர் தோண்டிய வழியில், அவர்கள் ஏறி இறங்கிய கூண்டுகளிலேயே கீழே சென்றன என்பதை மறத்தலாகாது.

அறுபது நாள் மௌனம்

ஹோமி பாபாவின் தூண்டுதலால் 1951 ஆம் ஆண்டில் பி. வி. ஸ்ரீகண்டன் கோலார் சுரங்கத்தில் இறங்கி, வெவ்வேறு ஆழங்களில் மியூவான்களின் எண்ணிக்கையை அளந்தார். கோலாரில் காஸ்மிக் கதிர் ஆராய்ச்சி இவ்வாறு தொடங்கிற்று. 1960-61 ஆம் ஆண்டுகளில் ஒஸாகாவைச் சேர்ந்த மியாகே, டாடா நிலையத்தைச் சேர்ந்த நரசிம்மம், ராமண மூர்த்தி ஆகியோர் மேலும் ஆழத்துக்குச் சென்று அளந்தனர். ஆழம் கூடக் கூட எண்ணிக்கை வேகமாகக் குறைந்தது. நீரின் கணக்கில் 8,400 மீட்டருக்குச் சமமான மிக ஆழமான இடத்தில், ஏறத்தாழ 60 நாட்கள் கருவி இயங்கியும் ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை.

வேறொரு பரிசோதனையில் இது தோல்வியாகக் கருதப்பட்டிருக்கும். இங்கோ இம்மௌனமே வெற்றிக்கு அறிகுறியாயிற்று. இத்தனை அமைதியான இடத்தில் ஒரு துகள் பதிவாகுமானால், அது நியூட்ரினோவின் விளைவாக இருக்க வாய்ப்பு மிகுதி. இந்த அடிப்படையில் 1963 ஆம் ஆண்டில் மேனன், ராமண மூர்த்தி, ஸ்ரீகண்டன், மியாகே ஆகியோர் நியூட்ரினோப் பரிசோதனைக்கான திட்டத்தை வெளியிட்டனர். பின்னர் டர்ஹாமைச் சேர்ந்த வுல்பெண்டேல் குழுவினரும் சேர்ந்துகொண்டனர்.

இருளில் ஒளியின் பணி

சாம்பியன் ரீப் சுரங்கத்தில், ஹீத்கோட் ஷாப்ட் வழியாகச் சென்றடையும் மட்டத்தில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகள் நிறுவப்பட்டன. அவை ‘தொலைநோக்கி’கள் என வழங்கப்பெற்ற போதிலும் வானை நோக்கியவை அல்ல; பக்கவாட்டில் நோக்கியவை. இதன் காரணம் எளிது. மேலிருந்து செங்குத்தாக வரும் மியூவான் 2.3 கிலோமீட்டர் பாறையைக் கடந்தால் போதும். அறுபது பாகைச் சாய்வில் வருவது அதைப்போல் இரு மடங்கு பாறையைக் கடக்க வேண்டும். படுக்கை மட்டத்தை ஒட்டி வருவது இன்னும் பல மடங்கு கடக்க வேண்டும். அத்தனை பாறையைக் கடக்கும் சக்தி காற்று மண்டல மியூவானுக்கு இல்லை. ஆகவே பக்கவாட்டில் ஒரு மியூவான் வந்தால், அது மேலே பிறந்ததாக இருக்க முடியாது. அருகிலுள்ள பாறையில் ஒரு நியூட்ரினோ மோதி அதைப் பிறப்பித்திருக்க வேண்டும்.

இம்முறையில் மற்றொரு நன்மையும் உண்டு. நியூட்ரினோ மிக அரிதாகவே மோதுவதால், மோதுவதற்குப் பெரும் பொருள் தேவை. கருவியைப் பெரிதாக்குவதற்குப் பதிலாக, சுற்றியுள்ள பாறையே மோதுபொருளாக அமைந்தது. பல மீட்டர் தொலைவில் பாறைக்குள் பிறந்த மியூவானும் கருவியை வந்தடையக் கூடும்.

ஒவ்வொரு தொலைநோக்கியிலும் இரண்டு செங்குத்துச் சுவர்கள் எதிரெதிரே நின்றன. அவை ஒருவகைப் பிளாஸ்டிக்கால் ஆனவை. மின்னூட்டமுள்ள துகள் அதனூடே செல்லும்போது நொடிப் பொழுதில் மங்கிய மினுக்கொளி தோன்றும். ஒளிமின் பெருக்கிக் குழல்கள் அம்மினுக்கொளியை மின் துடிப்பாக மாற்றிப் பெருக்கும். இரு சுவர்களிலும் ஏககாலத்தில் துடிப்பு எழுந்தால்தான், ஒரு துகள் உண்மையாகவே குறுக்கே சென்றது என்று கொள்ளப்படும். பாறையிலுள்ள கதிரியக்கத்தாலும் குழல்களின் தன்னிச்சையான துடிப்புகளாலும் உண்டாகும் பொய்ச் செய்திகள் இவ்வாறு விலக்கப்பட்டன.

துகள் சென்றதை அறிந்தால் மட்டும் போதாது. சென்ற திசையையும் அறிய வேண்டும். அதற்காக இரு சுவர்களுக்கும் இடையே நியான் வாயு நிரப்பிய கண்ணாடிக் குழல்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. துகள் சென்ற மறுகணம் உயர் மின்னழுத்தம் செலுத்தப்பட்டால், துகள் எந்தெந்தக் குழல்களைக் கடந்ததோ அவை மட்டும் செந்நிறமாய் ஒளிரும். கேமரா அக்காட்சியைப் படம் பிடிக்கும். ஒளிர்ந்த புள்ளிகளைக் கோடிட்டு இணைத்தால் துகளின் பாதை தெரியும். வரிசைகளுக்கு இடையே வைத்த ஈயத் தகடுகள், சென்றது எளிதில் தடைப்படும் எலெக்ட்ரானா, ஊடுருவும் மியூவானா என்பதைப் பிரித்துக் காட்டின. பிற்காலத்தில் காந்தம் பொருத்திய கருவிகளும் சேர்க்கப்பட்டன. பாதை காந்தப் புலத்தில் வளைவதைக் கொண்டு மியூவானின் மின்னூட்டத்தையும் உந்தத்தையும் மதிப்பிட முடிந்தது.

1965 ஆம் ஆண்டின் முடிவுகள்

இதே நோக்கத்துடன் தென்னாப்பிரிக்காவில் 3 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழமுடைய ஈஸ்ட் ராண்டு தங்கச் சுரங்கத்தில் ரைன்ஸ் தலைமையில் அமெரிக்க, தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் மற்றொரு பரிசோதனையை நடத்தி வந்தனர். அவர்களுடைய கருவியில் 1965 பிப்ரவரி 23 ஆம் நாள் முதல் நிகழ்ச்சி பதிவாயிற்று. கோலாரிலும் அதே ஆண்டின் முற்பகுதியில், மேலிருந்து வந்திருக்க இயலாத சாய்வில் தடங்கள் கிடைத்தன. கோலார் குழுவினரின் கட்டுரை ஜூலை 12 ஆம் நாள் பத்திரிகைக்கு வந்து சேர்ந்து, ஆகஸ்டு 15 இல் வெளியாயிற்று. ரைன்ஸ் குழுவினரின் கட்டுரை ஜூலை 26 இல் வந்து சேர்ந்து, ஆகஸ்டு 30 இல் வெளியாயிற்று. முதலில் கண்டவர் அவர்கள். முதலில் வெளியிட்டவர் இவர்கள். ஒருவரையொருவர் சாராத இரு குழுவினர், உலகின் இரு வேறு மூலைகளில், ஒரே முடிவை எய்தியமையால் அம்முடிவின் உண்மை ஐயத்துக்கு இடமின்றி உறுதியாயிற்று.

கோலார் கருவிகள் அதன் பின்னரும் பல ஆண்டுகள் இயங்கின. வழக்கமான விளக்கத்துக்கு அடங்காத சில நிகழ்ச்சிகளும் அவற்றில் பதிவாயின. 1975 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட அவை ‘கோலார் நிகழ்ச்சிகள்’ என்ற பெயரால் விஞ்ஞான உலகில் வழங்கி வருகின்றன. புதிய துகள் ஒன்றின் சிதைவாக இவை இருக்கலாம் என்று கருதப்பட்ட போதிலும், அக்கருத்து உறுதி செய்யப்படவில்லை.

புரோட்டான் அழியுமா?

பொருள் அனைத்துக்கும் ஆதாரமான புரோட்டான் என்றும் அழியாதது என்ற நம்பிக்கையை, 1970 களில் தோன்றிய ஒருமைப்பாட்டுக் கொள்கைகள் அசைத்தன. அக்கொள்கைகளின்படி புரோட்டானுக்கும் ஆயுள் உண்டு. ஆனால் அது 1 என்ற எண்ணுக்குப் பின் 30 அல்லது 31 பூஜ்யங்களை இட்டால் வரும் ஆண்டுகள். ஒரு புரோட்டானைக் கவனித்துக்கொண்டிருந்து இதை அறிய முடியாது. ஆனால் அவ்வாண்டுகளின் எண்ணிக்கையளவு புரோட்டான்களும் நியூட்ரான்களும் அடங்கிய பொருளைத் திரட்டினால், ஆண்டுக்கு ஒன்றிரண்டாவது சிதைய வேண்டும்.

இந்த யுக்தியைக் கொண்டு கோலாரில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் 140 டன் எடையுள்ள கருவி அமைக்கப்பட்டு, 1980 ஆம் ஆண்டின் இறுதியில் இயங்கத் தொடங்கிற்று. இரும்புத் தகடுகளும், வாயு நிரம்பிய எண்ணுங் குழல்களும் 34 அடுக்குகளாக மாறி மாறி அமைந்திருந்தன. குழல்கள் சுமார் 1,600. இரும்பே ஆராயப்படும் பொருள். குழல்கள் அதன் காவலர். 1985 ஆம் ஆண்டில் 2 கிலோமீட்டர் ஆழத்தில் 260 டன் எடையுள்ள இரண்டாவது கருவியும் சேர்ந்தது. புரோட்டான் சிதைவைத் தேடுவதற்கென்றே அமைக்கப்பட்ட கருவிகளுள் கோலார் கருவி முன்னோடியாகும்.

சில நிகழ்ச்சிகள் புரோட்டான் சிதைவாக இருக்கலாம் என்று கோலார் குழுவினர் அறிவித்தனர். ஆனால் நியூட்ரினோ இரும்பில் மோதினாலும் இவற்றைப் போன்ற தடங்கள் தோன்றக்கூடும். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஆயிரக்கணக்கான டன் நீரைக் கொண்டு அமைத்த பெரிய கருவிகளில் அச்சிதைவு காணப்படவில்லை. புரோட்டானின் ஆயுள் 1 க்குப் பின் 34 பூஜ்யங்களை இட்டு வரும் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது என்பதே, எளிதாகக் காணத்தக்க சிதைவு முறையைப் பொறுத்தவரை, பிற்கால ஆராய்ச்சிகளின் முடிவு. ஒரு காலத்தில் தேடப்பட்ட நியூட்ரினோ, மற்றொரு தேட்டத்துக்கு இடையூறாக வந்து நின்றது விஞ்ஞான வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

கோலாருக்குப் பின்

தங்கத்தின் வளம் குன்றி, தோண்டும் செலவு பெருகியமையால் ஆழமான மட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. 1990 களின் தொடக்கத்தில் பௌதிகப் பரிசோதனைகள் முடிவுற்றன. 2001 பிப்ரவரி 28 ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்கக் கம்பெனி மூடப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கு உழைத்த குடும்பங்கள் வாழ்க்கைக்கு வேறு வழி தேட நேர்ந்தது. நீர் இறைக்கும் இயந்திரங்கள் நின்றபின் சுரங்க வழிகளில் வெள்ளம் நிறைந்தது.

கோலாரில் காணப்பட்ட காற்று மண்டல நியூட்ரினோக்களே பின்னர் ஒரு பெரிய கண்டுபிடிப்புக்கு வழிகோலின. 1998 ஆம் ஆண்டில் ஜப்பானில் காமியோகா சுரங்கத்திலுள்ள கருவியில், மேலிருந்து வருவனவற்றைக் காட்டிலும் பூமியைத் துளைத்துக் கீழிருந்து வரும் மியூவான் வகை நியூட்ரினோக்கள் குறைவாக இருப்பது கண்டறியப்பட்டது. நெடுந்தூரம் செல்லுகையில் அவை வேறு வகையாக மாறுகின்றன என்பதும், ஆகவே நியூட்ரினோவுக்கு மிகச் சிறிதேனும் நிறை உண்டு என்பதும் இதனால் தெளிவாயின. இதற்காகக் கஜிதாவும், கனடாவில் சூரிய நியூட்ரினோக்களை ஆராய்ந்த மெக்டொனால்டும் 2015 ஆம் ஆண்டில் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

பாரத நாட்டில் இவ்வாராய்ச்சியை மீண்டும் தொடங்கும் பொருட்டு, தேனி மாவட்டத்தில் பொட்டிப்புரத்தை அடுத்த மலைக்கு அடியில் 50,000 டன் காந்தமூட்டிய இரும்பைக் கொண்ட நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கும் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மலை, நீர், காடு ஆகியவற்றுக்குத் தீங்கு நேருமென அஞ்சிய மக்களின் எதிர்ப்பாலும், மாநில அரசின் மறுப்பாலும் அங்குக் கட்டுமானம் நடைபெறவில்லை. அதன் முன்மாதிரியாக 85 டன் எடையுள்ள சிறிய கருவி மதுரையில் அமைக்கப்பட்டது.

கோலாரில் நிகழ்ந்ததைப் பொருத்திப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். வாயுவில் ஒளி சிதறுவதை ஆராய்ந்தவர், சுரங்கத்தில் நியூட்ரினோ பிடிபடும் என்று எண்ணியிருக்க மாட்டார். தங்கத்துக்காகப் பாறையைக் குடைந்தவரும், தாம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தைக் கட்டுவதாக எண்ணியிருக்க மாட்டார். ஒளியியலும் தற்சுழற்சிப் பௌதிகமும் பொருள் விஞ்ஞானமும் தனித்தனியே வளர்ந்தவை. அவை ஓரிடத்தில் கூடியபோது, எந்த ஒரு துறையும் தனியே எய்த இயலாத பயன் விளைந்தது. தொழிலாளரின் உழைப்பு அதற்கு அடித்தளமாயிற்று. நியூட்ரினோவைப் பற்றி அறிய வேண்டியவை இன்னும் பல உள்ளன. அதன் மூன்று வகைகளுள் எது மிகுந்த நிறையுடையது என்பதுகூட இன்னும் உறுதியாகத் தெரியவில்லை. அவ்விடைகளைத் தேடுவோர் எந்நாட்டில் எம்மலைக்கு அடியில் சென்றாலும், கோலாரின் ஆழத்தில் பதிந்த அச்சில தடங்களைத் தொடர்ந்தே செல்கின்றனர்.